உரகாமி ஆலயத்தின் கதை – 8: எரிபலி

நாகசாகி நகருக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு உரகாமி. அங்கே உழுது பிழைத்த சனங்கள் இரண்டரை நூற்றாண்டு காலம் தங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைத்து வைத்துக் காப்பாற்றிய கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சுருக்கமாக ஒருமுறை.

மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே நடந்து திரிந்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் ஊன்றியது சில பத்தாண்டுகள் தழைத்தது. 1614-ல் நாடு முழுவதும் தடை வந்தது. உரகாமி மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்துக்குப் போய், அங்கே தரையில் வைத்திருக்கும் இயேசு, மாதா உருவங்களைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனஸ்தாப செபம் சொன்னார்கள். ஏழு தலைமுறை இப்படியே போயிற்று.

1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா கோயிலில் பெத்திஜான் அடிகளிடம் அவர்கள் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. அரசாங்கம் ஊரையே பெயர்த்தெடுத்தது. ஏறத்தாழ 3,400 பேர் பல பிரதேசங்களுக்குக் கடத்தப்பட்டார்கள். பட்டினியிலும் சித்திரவதையிலும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1873-ல் எஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஐந்தாண்டுத் துயரத்தை அவர்கள் ‘பயணம்’ என்றே சொன்னார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார்கள்.

பிறகு அவர்கள் செய்த காரியம் ஒன்று உண்டு. முன்னோர்கள் மிதித்துக் காட்டிய அதே ஊர்த்தலைவர் வீட்டு மனையை 1880-ல் விலைக்கு வாங்கினார்கள். 1895-ல் அங்கே ஆலயம் கட்டத் தொடங்கி, 1914-ல் அர்ச்சித்தார்கள். 26 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் 1925-ல்தான் முடிந்தன. கோபுரத்துக்கு ஒன்றாக இரண்டு மணிகள். காலை, நண்பகல், மாலை என மூவேளையும் மூவேளைச் செபத்துக்கு அவை ஒலித்தன. கிழக்காசியாவிலேயே பெரிய தேவாலயம் என்று பேர் வாங்கியது அந்தச் செங்கல் கட்டடம்.

இருபதே ஆண்டுகள்.

* * *

காலை 11.02

1945 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் நாகசாகியில் அபாயச் சங்கு ஊதியது. எட்டரை மணிக்கு எச்சரிக்கையைத் தளர்த்தினார்கள். பதுங்கு குழிகளிலிருந்து சனங்கள் வெளியே வந்தார்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டியவர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். உரகாமியில் சிலர் கோயிலுக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள். சவேரியார் ஜப்பானில் கால் வைத்த நாளும் அதுதான். அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆலயத்துக்குள் வரிசை நின்றது. நிஷிதா அடிகளும் தமயா அடிகளும் உள்ளே இருந்தார்கள்.

அதே நேரத்தில், வடக்கே கோகுரா நகரத்துக்கு மேலே ‘பாக்ஸ்கார்’ என்ற பி-29 விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. டினியன் தீவிலிருந்து புளுட்டோனியம் குண்டோடு கிளம்பிய விமானம் அது. ஓட்டியவர் சார்லஸ் ஸ்வீனி. அன்றைய முதல் இலக்கு கோகுரா. அங்கே பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது. மேகமும் புகையும் கோகுராவை மூடியிருந்தன. மூன்று முறை சுற்றிப் பார்த்தும் இலக்கு கண்ணுக்குப் படவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானம் இரண்டாம் இலக்கை நோக்கித் திரும்பியது.

நாகசாகியிலும் மேகம். குறி வைத்திருந்தது துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரத்தை. மேகத்தில் ஓர் இடைவெளி தெரிந்தபோது குண்டைப் போட்டார்கள். அது குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வடக்கே தள்ளி, உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல், 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது.

மேகம், எரிபொருள், மூன்று கிலோமீட்டர். இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து, இதே மேகத்தை ஒருவர் எடுத்துப் பேசப்போகிறார்.

வெடித்த புள்ளிக்கு நேர் கீழிருந்து ஆலயம் வடகிழக்கே 500 மீட்டர் தூரத்தில் இருந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டு குருக்களும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்களும் இடிபாட்டுக்குள் போனார்கள். வடக்குக் கோபுரம் அப்படியே பெயர்ந்து, மேட்டிலிருந்து சரிந்து கீழே ஓடைக்கரையில் விழுந்தது. இன்றும் அந்தக் கோபுர உச்சி அங்கேதான், விழுந்த சரிவிலேயே கிடக்கிறது. அன்றிரவு ஆலயத்தில் தீப்பற்றியது. தெற்குப் பக்கச் சுவர் ஒன்றும், வாசல் முகப்பின் ஒரு பகுதியும், தலையிழந்த சில புனிதர் சிலைகளும் மிஞ்சின.

ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். உரகாமிப் பங்கில் மட்டும் 12,000 விசுவாசிகளில் 8,500 பேர் போய்ச் சேர்ந்தார்கள். 1868 முதல் அரசாங்கம் இழுத்துப் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அன்று போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

* * *

இலையுதிர்காலம்

சில வாரங்கள் சென்றன. இந்த மண்ணில் 75 ஆண்டுகளுக்குப் புல் முளைக்காது, மனிதர் குடியிருக்க முடியாது என்ற பேச்சு எங்கும் பரவியிருந்தது. ஒரு மனிதர் மட்டும் சாம்பல் மேட்டில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் வரிசையாக எறும்புகள் போவதைப் பார்த்தார். ஒரு மாதத்தில் மண்புழுக்களைப் பார்த்தார். எறும்பு பிழைக்குமானால் மனிதனும் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டு, தன் வீடு இருந்த இடத்திலேயே தகரமும் கட்டையும் சேர்த்துக் குடிசை போட்டார்.

அவர்தான் தகாஷி நாகாய். நாகசாகி மருத்துவக் கல்லூரியின் கதிரியக்க மருத்துவர். வயது 37. காசநோயாளிகளைப் பிலிம் இல்லாமல் நேரடி எக்ஸ்-கதிரில் பார்த்துப் பார்த்து, குண்டு விழுவதற்கு முன்பே, 1945 ஜூனிலேயே, ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டவர். மூன்று ஆண்டுதான் கெடு என்று சக மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

குண்டு வெடித்தபோது அவர் கல்லூரி மருத்துவமனையில் இருந்தார். கண்ணாடிச் சில்லு நெற்றிப்பொட்டில் தமனியை அறுத்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, மயங்கி விழும்வரை மற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுப் பக்கம் போக முடிந்தது. சமையலறை இருந்த இடத்தில் மனைவி மிதோரியின் எலும்புகள் இருந்தன. பக்கத்தில் உருகிப்போன செபமாலை. அந்த எலும்புகளை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனார். பிள்ளைகள் இருவரும் பாட்டியோடு வெளியூரில் இருந்ததால் பிழைத்தார்கள்.

மிதோரி சாதாரணக் குடும்பத்துப் பெண் அல்ல. மறைவுக் காலத்தில் உரகாமி விசுவாசிகளைத் தலைமுறை தலைமுறையாக வழிநடத்திய மொரியாமா வீட்டுப் பெண். நாகாய் வேறு ஊரிலிருந்து மாணவராக வந்து அந்த வீட்டில் தங்கி, அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்துப் பார்த்து 1934-ல் ஞானஸ்நானம் பெற்றவர். உரகாமியின் 250 ஆண்டுக் கதை அவருக்கு மனைவி வீட்டுக் கதை.

அக்டோபரில் இன்னொருவர் இடிபாட்டுக்கு வந்தார். நொகுச்சி அடிகள். உரகாமியில் பிறந்து, வடக்கே ஹொக்கைடோ தீவின் டிராப்பிஸ்ட் மடத்தில் சேர்ந்தவர். போருக்குப் பட்டாளத்தில் எடுத்திருந்தார்கள். மடத்துக்குத் திரும்பும் முன் சொந்தக் கோயிலைப் பார்க்க வந்தார். ஏதாவது ஒரு நினைவுப்பொருள் கிடைக்காதா என்று இடிபாட்டில் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. உட்கார்ந்து செபித்தார். எழுந்தபோது கருகிய முகம் ஒன்று தன்னைப் பார்ப்பதைக் கண்டார். பீடத்தின் மேல் நின்ற மரத்தாலான அமலோற்பவ மாதாவின் தலை. கண்ணாடிக் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். வலக்கன்னம் கருகியிருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வடக்கே போனார். அந்தத் தலை உரகாமிக்குத் திரும்ப 1975 ஆயிற்று.

* * *

தெய்வ தண்டனை

சாவைவிடக் கொடியது ஒன்று அந்த இலையுதிர்காலத்தில் உரகாமி மக்களைத் தேடி வந்தது. அது ஒரு பேச்சு.

பழைய நகரத்துக்கும் உரகாமிக்கும் நடுவே கொம்பிரா மலை நிற்கிறது. வெடிப்பின் வேகத்தை அந்த மலை தடுத்ததால் பழைய நகரத்தின் பெரும்பகுதி தப்பியது. நகரத்தைக் காக்கும் தெய்வத்தின் இல்லமாகக் கருதப்பட்ட சுவா ஷிண்டோ ஆலயமும் தப்பியது. உரகாமிக்காரர்கள் சுவா திருவிழாவில் கலந்துகொள்ளாதவர்கள். போர்க்காலம் முழுக்க, எதிரியின் சமயத்தைப் பின்பற்றுகிறவர்கள் என்று சந்தேகப்பட்டுப் பார்க்கப்பட்டவர்கள். இப்போது கணக்கு எளிதாகப் பொருந்திப்போயிற்று. ‘நம் தெய்வத்தை மதிக்காதவர்கள் தலையில்தான் குண்டு விழுந்தது. இது தெய்வ தண்டனை.’

ஏற்கெனவே மிதிக்கப்பட்ட சனம். நாடு கடத்தப்பட்ட சனம். இப்போது பிணங்களை எரித்து முடிக்கும் முன்னால் இந்தச் சொல்.

அந்தச் சொல் உரகாமிக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்பதுதான் பயங்கரம். போர்முனையிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் நாகாயின் குடிசைக்கு வந்தார். மனைவியும் பிள்ளைகளும் சாம்பலாகிவிட்டிருந்தார்கள். இது தண்டனை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படியானால் என் மனைவியும் பிள்ளைகளும் பாவிகளா என்று கேட்டார்.

நாகாய் எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். நவம்பர் 23-ம் தேதி இறந்தவர்களுக்காகத் திருப்பலி நடக்கவிருந்தது. அன்று விசுவாசிகள் சார்பில் அவர்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சின் வரைவு அது.

வந்தவர் படித்தார். படிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. அப்படியென்றால் என் மனைவி நரகத்துக்குப் போகவில்லை என்றார். சற்று நேரம் கழித்து, பிழைத்திருக்கும் நாம்தான் மோட்சத்துக்கான தேர்வில் தோற்றவர்கள் போலும் என்று இருவரும் பேசிச் சிரித்தார்கள். அந்தக் குடிசையில் சிரிப்பு கேட்டது என்பதை நாகாயே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தாளில் என்ன இருந்தது?

* * *

நவம்பர் 23

நவம்பர், இறந்த விசுவாசிகளை நினைக்கும் மாதம். ஆலயத்துக்குக் கூரை இல்லை, சுவர்களும் பெரும்பாலும் இல்லை. இடிந்த முகப்பின் முன்னால், திறந்தவெளியில், பங்கில் எஞ்சியவர்கள் கூடினார்கள். தலைமுடி உதிர்ந்தவர்கள், கட்டுப் போட்டவர்கள், ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று தனித்து நின்றவர்கள்.

நாகாய் எழுந்து நின்றார். நோயும் காயமும் சேர்ந்து உடம்பை உருக்கியிருந்த நேரம்.

அவர் மேகத்திலிருந்து தொடங்கினார் என்று சொல்லலாம். இந்தக் குண்டு வேறு ஒரு நகரத்துக்குப் போக வேண்டியது, மேகம் மறைத்தது, நாகசாகிக்கு வந்தது, இங்கேயும் ஆயுதத் தொழிற்சாலையைக் குறித்துப் போட்டது, விலகி வந்து ஆலயத்தின் அருகே வெடித்தது. இது உண்மையானால் விமானி உரகாமியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடவுளின் பராமரிப்பே இதைத் தேர்ந்தெடுத்தது என்றார்.

அடுத்து நாட்களை அடுக்கினார். குண்டு விழுந்த நாளில்தான் தோக்கியோவில் போரைத் தொடர்வதா முடிப்பதா என்று விவாதம் நடந்தது. ஆலயம் எரிந்த இரவில்தான் பேரரசர் போரை முடிக்க முடிவெடுத்தார். அறிவிப்பு வந்த ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். இந்த ஆலயமோ மாதாவுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. இவையெல்லாம் தற்செயலா என்று கேட்டார்.

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். எரிபலி.

உலகப்போர் என்னும் மனிதகுலப் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு பலி வேண்டியிருந்தது. பல நகரங்கள் அழிந்தும் அது போதவில்லை. நூற்றாண்டுகளாக வேதனையில் புடம் போடப்பட்ட உரகாமிதான் மாசற்ற ஆட்டுக்குட்டியாகப் பலிபீடத்தில் எரிந்தது. அந்தப் பலி ஏற்கப்பட்டதால் போர் முடிந்தது. கோடிக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். போனவர்கள் பாக்கியவான்கள். மிச்சமிருக்கும் நமக்குத்தான் கடினமான பாதை. இதற்காகவும் நன்றி சொல்வோம் என்று முடித்தார்.

பைபிளைப் படித்து வளர்ந்த சனத்துக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பீடத்தில் முழுவதும் எரிந்து புகையாக மேலே போகும் பலி. மூன்று மாதமாகத் தெருவில் ‘தண்டனை’ என்று கேட்டுக் கூசிப்போயிருந்த காதுகளில், அதே தீக்கு வேறு பெயர் விழுந்தது.

* * *

இந்தப் பேச்சைப் பற்றி எழுதாமல் உரகாமியின் கதையை யாரும் எழுத முடியாது. எழுதுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 23 அன்று அந்தத் திறந்தவெளியில் அந்தச் சொல் மருந்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனைவியை வாளியில் அள்ளியவர், மனைவி மக்களை இழந்தவர்களிடம் சொன்ன சொல் அது. வெளியே நின்று யாரும் அதை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. அந்தச் சொல் இல்லாமல் போயிருந்தால் பலர் உரகாமியை விட்டே போயிருப்பார்கள்.

ஆனால் மேகத்தைப் பற்றி அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மேகம் கோகுராவை மறைத்தது உண்மை. குண்டைச் செய்தது மேகமல்ல; சுமந்து வந்ததும் மேகமல்ல. ஹிரோஷிமாவுக்குப் பிறகும் மூன்று நாள் போரை முடிக்காமல் தோக்கியோவில் உட்கார்ந்திருந்தவர்களும் மனிதர்களே. 1980-களில் தத்துவப் பேராசிரியர் ஷின்ஜி தகாஹஷி இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நாகாயின் விளக்கத்தில் போரைத் தொடங்கி நீட்டித்த ஜப்பானிய அரசின் பொறுப்பும் காணாமல் போகிறது, குண்டைப் போட்ட அமெரிக்காவின் பொறுப்பும் காணாமல் போகிறது.

எரிந்தவர்கள் எல்லோரும் அந்தப் பங்கின் விசுவாசிகளும் அல்ல. குண்டு வெடித்த இடத்துக்கு மிக அருகே ஒரு சிறைச்சாலை இருந்தது. கைதிகளும் காவலர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக 134 பேர் அங்கே இறந்தார்கள். அவர்களில் சீனர்களும் கொரியர்களும் இருந்தார்கள். கொரியாவிலிருந்து வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பள்ளத்தாக்கில் செத்தார்கள். அவர்களை எந்தப் பலிபீடத்தில் வைப்பது? அவர்கள் சார்பில் நன்றி சொல்ல யாருக்கு உரிமை?

உரகாமியிலேயே இருந்த மருத்துவர் தத்சுஇசிரோ அகிஸுகிக்கும் இதே தடுமாற்றம் இருந்தது. நாகாயை மதித்தவர், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த மருத்துவமனையில் மருந்தில்லாமல் மருத்துவம் பார்த்தவர், பின்னாளில் தாமும் ஞானஸ்நானம் பெற்றவர். ஆனாலும் அந்தப் பலி விளக்கம் அவருக்குச் செரிக்கவில்லை.

மருந்து என்று வந்த சொல் காலப்போக்கில் வாயைக் கட்டியது. கடவுளின் திட்டம் என்றால் யாரிடம் கோபப்படுவது? உரகாமி மக்கள் பல பத்தாண்டுகள் தாங்கள் பட்டதை வெளியே பேசவில்லை. ‘ஹிரோஷிமா கொதிக்கும், நாகசாகி செபிக்கும்’ என்று ஜப்பானில் ஒரு வழக்கே உண்டு. 1981 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஹிரோஷிமாவில் நின்று, போர் மனிதனின் செயல் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் உரகாமியில் பலருக்கு நாக்கு அவிழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தை இன்னும் சில வாரங்களில் எட்டுவோம்.

* * *

இடிபாட்டுக்குள் ஒரு மணி

நவம்பர் பேச்சுக்குப் பிறகு ஒரு மாதம்.

இரண்டு மணிகளில் வடக்குக் கோபுரத்தின் சின்ன மணி உடைந்து போயிருந்தது. தெற்குக் கோபுரத்தின் பெரிய மணி எங்கேயோ செங்கல் குவியலுக்கு அடியில் இருந்தது. பங்கு இளைஞர்கள் தோண்டினார்கள். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. செங்கல்லைக் கையால் அள்ளி அள்ளித்தான் போட வேண்டும். கடைசியில் பெரிய மணி வெளியே தெரிந்தது. தட்டிப் பார்த்தார்கள். உடையவில்லை.

கட்டைகளை நட்டுச் சட்டம் கட்டி மணியைத் தூக்கித் தொங்கவிட்டார்கள். 1945 டிசம்பர் 24, கிறிஸ்துமஸ் இரவு, உரகாமிப் பள்ளத்தாக்கில் மணி ஒலித்தது.

வரிசையைக் கவனியுங்கள். கூரை பிறகு. சுவர் பிறகு. குடியிருக்க வீடே பிறகு. முதலில் மணி. தகரக் குடிசைகளில் கிடந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இருட்டில், பக்கத்துக் குடிசையிலும் ஆள் இருக்கிறது, அவரும் இதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள். சிதறிக் கிடந்தவர்கள் அன்றிரவு மறுபடி ஒரு பங்கானார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நவம்பர் பேச்சு சாவுக்கு அர்த்தம் தேடியது. மணிக்கு அந்த வேலை இல்லை. அது செபத்துக்கு நேரமாயிற்று என்று மட்டும் சொன்னது. உரகாமியை எழுப்பி நிறுத்தியதில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் மணியைத்தான் சொல்வேன்.

உடைந்த சின்ன மணியின் இடத்தை நிரப்ப 2025 ஆகஸ்ட் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று 11.02-க்கு இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. புதிய மணி அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் காணிக்கை. அந்த முயற்சியை முன்னெடுத்தவர் ஜேம்ஸ் நோலன் என்ற பேராசிரியர். அவருடைய தாத்தா அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றியவர். அதைத் தொடரின் கடைசிப் பகுதிக்கு வைத்திருக்கிறேன்.

* * *

சிதிலம் யாருடையது?

அடுத்த ஆண்டுகள் வேகமாக ஓடின. 1946 டிசம்பரில் மரத்தால் ஒரு தற்காலிகக் கோயில் எழுந்தது. நாகாய் படுக்கையில் விழுந்தார், படுத்தபடியே எழுதினார். ‘நாகசாகியின் மணிகள்’ என்ற நூலை 1946-லேயே முடித்தும், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உடனே அச்சிட விடவில்லை. மணிலாவில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலைகளைப் பற்றிய ஆவணத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்த பிறகுதான் 1949 ஜனவரியில் நூல் வெளிவந்தது. நாடே படித்தது.

அதே 1949 மே மாதம் சவேரியார் வந்த 400-ம் ஆண்டு விழா. அவருடைய வலது கையின் அருளிக்கம் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. உரகாமி இடிபாட்டின் முன்னால் பெருந்திருப்பலி நடந்தது. மணப்பாட்டுக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த கை, எரிந்த செங்கல்லுக்கு நடுவே வைக்கப்பட்டது.

1951 மே 1 அன்று நாகாய் இறந்தார். வயது 43.

இடிந்த சுவர்கள் அப்படியே நின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஹிரோஷிமாவில் குவிமாடச் சிதிலம் நிற்பதுபோல நாகசாகிக்கு இந்தச் சுவர்கள் என்று நகரத்தில் ஒரு சாரார் பேசத் தொடங்கினார்கள். காப்பாற்ற வேண்டும் என்று நகராட்சியின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது.

பங்கு மக்களின் நிலை வேறு. மழை ஒழுகாத கோயில் வேண்டும். அதை அங்கேயேதான் கட்ட வேண்டும். ஊருக்குள் வேறு மனை இல்லையா என்று கேட்டவர்களுக்கு, அந்த நிலத்தில் எங்கள் முன்னோர்கள் மிதிக்க வைக்கப்பட்டார்கள் என்பது பதில். 1880-ல் அந்த மனையை அவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சுவரைக் காத்தால் கோயிலுக்கு இடமில்லை; கோயில் கட்டினால் சுவர் போகும்.

1955-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆயர் அய்ஜிரோ யமகுச்சி புதிய ஆலயத்துக்கு நிதி திரட்ட அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். டிசம்பர் 7 அன்று நாகசாகியும் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரமும் சகோதர நகரங்களாயின. ஜப்பானிய நகரம் ஒன்றும் அமெரிக்க நகரம் ஒன்றும் இப்படி உறவு கொண்டது அதுவே முதல்முறை. குறித்த நாளோ பேர்ல் ஹார்பர் தாக்குதலின் ஆண்டு நாள். மறு ஆண்டு நகரத் தலைவர் சுதோமு தகாவாவும் அமெரிக்கா போய் வந்தார்.

போகும்முன் தகாவா சிதிலத்தைக் காக்க வேண்டும் என்பவர்கள் பக்கம் இருந்தவர். 1958 பிப்ரவரியில் நகர மன்றத்தில் எழுந்து நின்றபோது, அந்தச் சுவர்களை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். உறுப்பினர்கள் திகைத்துப் போனார்கள்.

நடுவில் என்ன நடந்தது? குண்டு போட்ட நாட்டிலிருந்து கோயில் கட்ட வந்த பணம், அந்தச் சுவர்கள் கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்ததா? அல்லது தினமும் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் பூசைக்குப் போக வேண்டியிருந்த பங்கு மக்களே, போதும் என்று முடிவெடுத்தார்களா?

(அடுத்த வாரம்: 1958 மார்ச் 14)